மாடிக்குப் பேச வெளியுலகம் எதற்கு?

2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப் உலகெங்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியது. அயல்நாட்டுப் பிள்ளைகளோடு அதில் பேச முடியாமல் போனதில் வியப்பில்லை. கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கும் அதன் வழியே அழைக்க முடியவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டியது. ஒரே வைஃபையில் இருக்கும் இரு கைப்பேசிகளுக்கிடையே குரல் நேரடியாகவே செல்லக்கூடும். ஆனால், அழைப்பு மணியை ஒலிக்கச் செய்வது எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வர்.

காட்டுமன்னார்கோயில் பகுதியில் இதை வெறும் வசதிக் குறைவாக நான் கருதவில்லை. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், அருகிலேயே வீராணம். 2011இல் ‘தானே’ புயல், 2015இல் பெருவெள்ளம், 2024இல் ‘ஃபெஞ்சல்’ என்று கடலூர் மாவட்டம் அடுத்தடுத்து அடிவாங்கியிருக்கிறது. மரம் சாய்ந்தால் இணையக் கம்பியும் அறுந்துபோகும். ஆனால், இன்வெர்ட்டரில் ஓடும் ரூட்டருக்குச் சில வாட் மின்சாரம் போதும். வெளி இணைப்பு போனாலும் வீட்டுக்குள் வலையமைப்பு உயிரோடுதான் இருக்கும். படுக்கையில் இருக்கும் முதியவர் மாடியில் உள்ள மகளை அழைக்க அது போதுமானது. அதைப் பயன்படுத்தும் மென்பொருள்தான் நம்மிடம் இல்லை.

ஏன் இல்லை? பலர் பயன்படுத்துவதாலேயே ஒரு சேவையின் மதிப்பு கூடுவதைப் பொருளியலில் ‘வலையமைப்பு விளைவு’ என்போம். 2021இல் வந்த ஜோஹோவின் ‘அரட்டை’ செயலி 2025 செப்டம்பரில் திடீரென்று பரவியபோதும் பலர் கேட்ட கேள்வி, “என் உறவினர்கள் அதில் இருக்கிறார்களா?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால், ஒரு வீட்டில் இருப்போர் ஐந்து பேர். அந்த ஐவர் உடன்பட்டால் முழு ‘சந்தை’யும் மாறிவிடும்! ஊருக்காகச் செய்த தேர்வை வீட்டுக்குள்ளும் சுமக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

என் முதல் அளவுகோல், சர்வர் நம் வீட்டில் இருக்க வேண்டும் என்பது. டிஸ்கார்ட் இதிலேயே விலகிவிடுகிறது. நிறுவனத்தை நம்பிய சேவை அதன் முடிவோடு முடிந்துவிடும் என்பதற்கு 2025 மே மாதம் மூடப்பட்ட ஸ்கைப் சாட்சி. டீம்ஸ்பீக் சர்வரை வீட்டிலேயே நிறுவலாம். ஆனால், அதன் உரிமம் நிறுவனத்தின் கையில். 2005இல் தொடங்கிய ‘மம்பிள்’ கட்டற்ற மென்பொருள். பழைய மடிக்கணினியே அதற்குச் சர்வராகப் போதும். அதில் பயன்படும் ஓப்பஸ் ஒலிக்குறியீட்டு முறையில் நொடிக்கு 30, 40 கிலோபிட் இருந்தாலே பேச்சு தெளிவாகக் கேட்கும். என் வாக்கு மம்பிளுக்கே. குறை இல்லாமல் இல்லை: அது தொலைபேசிபோல் மணியடிக்காது; எல்லோரும் நுழைந்து பேசும் அறை போன்றது. முதியவரின் அறையில் ஒரு பழைய கைப்பேசியில் எப்போதும் திறந்து வைத்திருக்க வேண்டும். இரண்டே அறைகளுக்கென்றால் கம்பி இன்டர்காமே மலிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளூர்ப் பேச்சுக்கு உள்ளூர் வழி என்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, தொலைபேசியை மட்டும் நம்பவில்லை. வில்லியனூரை மையமாக வைத்து வானொலி அலைவழியாகவும் குரலையும் தரவையும் அனுப்பியது. 2004 சுனாமி அன்று நல்லவாடு மீனவர்களைக் காப்பாற்றியது, சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசிச் செய்தியை ஊருக்குச் சொன்ன அங்கிருந்த ஒலிபெருக்கிதான். செய்தி கடல் கடந்து வந்தது; கடைசி நூறு மீட்டரைக் கடக்க ஊருக்குச் சொந்தமான கருவி தேவைப்பட்டது.

எதைத் தேர்ந்தாலும் மழைக்காலத்துக்கு முன்பே ஒருமுறை சோதியுங்கள். ரூட்டரை அணைக்காமல் வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டு, கைப்பேசியின் மொபைல் டேட்டாவையும் நிறுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள். ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை’ என்று கைப்பேசி எச்சரித்தால், இணைப்பிலேயே தொடரும்படி சொல்லிவிடுங்கள். மாடியிலிருந்து பதில் வரவேண்டும்.