மே மாதச் சம்பளம்



பிளஸ் டூ முடிவு வந்து, கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் பரபரப்பில் உங்களில் பலரது வீடு இருக்கும். எந்தக் கல்லூரி, என்ன பாடம், பஸ் உண்டா, ஹாஸ்டல் எப்படி என்று எல்லாம் விசாரிக்கிறோம். பாடம் நடத்தப் போகிறவருக்கு என்ன சம்பளம் என்று மட்டும் கேட்பதில்லை. (மாப்பிள்ளை பார்க்கும்போது தவறாமல் கேட்டுவிடுகிறோம்!)

நம் தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் 7,000 பேருக்கும் மேல். முனைவர் பட்டம், நெட், செட் என்று தகுதி பெற்றவர்கள் இவர்களில் ஏராளம். 2006-07இல் இரண்டாம் சுழற்சி வகுப்புகள் தொடங்கியபோது தற்காலிக ஏற்பாடாகப் பலர் வந்தார்கள். அன்று முப்பது வயதில் சேர்ந்தவருக்கு இன்று ஐம்பது நெருங்குகிறது. ஏற்பாடு இன்னும் தற்காலிகமாகவே இருக்கிறது.

2023இல் இவர்களது தொகுப்பூதியம் 20,000 ரூபாயிலிருந்து 25,000 ஆனது. அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான். மே மாதத்துக்குக் கிடையாது. அதே பாடத்தை அடுத்த வகுப்பில் நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019இல் சொன்னது. அந்தத் தொகையைக் கொடுக்கச் சொல்லி 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறை. 7,000 பேர் என்ற எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அதைப் படித்தால் சிரிப்புதான் வருகிறது.

பணத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. நிரந்தரப் பணியில் இருப்பவர்தான் ஆய்வு நெறியாளர் ஆக முடியும். ஆகவே பதினைந்து ஆண்டு பாடம் நடத்திய கௌரவ விரிவுரையாளர், தன் மாணவி ஆய்வுக்கு வந்தால் வேறொருவரிடம்தான் அனுப்ப வேண்டும். பெரிய ஆய்வுத் திட்டங்களும் அவருக்கு எட்டாது. பிறகு நிரந்தர வேலைக்குப் போட்டியிடும்போது, ‘ஆராய்ச்சியில் என்ன செய்தீர்கள்?’ என்று அவரையே கேட்போம். அந்தப் போட்டியாவது ஒழுங்காக நடக்கிறதா? 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கை வெளியிட்டது. அறிவித்த தேதியில் தேர்வு நடக்கவில்லை.

நிதி நெருக்கடி என்ற பதில் எனக்கும் தெரியும். ஆனால் அரசுக் கல்லூரிக்கு வருவது பெரும்பாலும் வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகள். அவர்களுக்குக் கிடைக்கும் ஆசிரியரிடம் போய்ச் சிக்கனம் பிடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆண்டுதோறும் காலியிடங்களைக் கணக்கெடுத்து, ஆண்டுதோறும் நிரப்பியிருந்தால் இவ்வளவு சேர்ந்திருக்காது.

கௌரவ விரிவுரையாளராக இருக்கும் வாசகர்களே, மே மாதத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். டியூஷனோ, கடை வேலையோ, கைமாற்றோ, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பெயரும் கல்லூரியும் வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்