எழுத்தைக் கொடுத்துப் பாட்டை வாங்கியவர்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு மரக்காணத்து உப்பளங்கள் தெரியாமல் இரா. பாத்தி பாத்தியாக உவர்நீர். வரப்போரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். உப்பு என்றதும் நமக்குச் சமையலறைதான் ஞாபகம் வரும். ஆனால் கடலின் உப்பு நம் காதுகளுக்கும் ஓர் உபகாரம் செய்திருக்கிறது. உப்புநீரில் மின்சாரம் எளிதாகப் பாய்வதால், வானொலியின் மத்திய அலைகள் தரையைவிடக் கடல்மேல் வெகுதூரம் வலுவிழக்காமல் செல்லும். இந்தக் கரையோர வீடுகளில் இலங்கை வானொலி ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுக் குரல்போல் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1952 வாக்கில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்களைக் குறைத்துவிட்டது. பாட்டுப் பிரியர்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அந்தக் கொழும்பு வானொலியில் புகழ் பெற்றவர்தான் பி. எச். அப்துல் ஹமீத். முதலில் வானொலியிலும், பிறகு 1993-ல் தொடங்கிய சன் தொலைக்காட்சியிலும் 'பாட்டுக்குப் பாட்டு' என்ற போட்டியை நடத்தினாரே, அவரேதான். ஓர் எழுத்தைக் கொடுப்பார். அதில் தொடங்கும் பாட்டை உடனே பாட வேண்டும். பாதியில் நிறுத்தி, அடுத்தவருக்கு வேறோர் எழுத்து!

இங்கிலாந்தில் ரிச்சர்ட் வைட்லி என்பவர் 1982 முதல் 2005-ல் காலமாகும் வரை 'கவுண்ட்டவுன்' என்ற போட்டியை நடத்தினார். அங்கும் எழுத்து விளையாட்டு உண்டு. ஒன்பது எழுத்துக்களைக் கொண்டு நீளமான சொல் அமைக்க வேண்டும். அகராதி அறிந்தவருக்கே அதில் வெற்றி. நம் ஆட்டத்துக்கோ பள்ளிக்கூடமே வேண்டாம். அரிசி களையும்போதும் குழந்தையைத் தூங்க வைக்கும்போதும் முணுமுணுத்த பாட்டுக்களே மூலதனம். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, கல்லூரியில் படிக்கும் பேத்தி திணறும்போது, பாட்டி பாகவதர் பாட்டை எடுத்து வீசி ஜெயித்துவிடலாம். அடுப்படியோடு நின்றுபோன ஞாபகசக்திக்கு அப்படி ஒரு மரியாதை!

அந்த மரியாதையை ஹமீத் தம் பேச்சிலும் காட்டினார். ல, ள, ழ மூன்றும் அவர் நாவில் தனித்தனியே ஒலிக்கும். 2000-ல் வெளிவந்த 'தெனாலி' படத்தில் இலங்கைத் தமிழ் பேசுவதற்குக் கமலஹாசன் இவர் உதவியைத்தான் நாடினார். இவ்வளவு தமிழ் இருந்தும், தடுமாறிய போட்டியாளரை அவர் கேலி செய்து கைதட்டல் வாங்கியதில்லை. தம் அனுபவங்களை எழுதியபோதும் புத்தகத்துக்கு 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்றுதான் பெயர் வைத்தார். பாட வந்தவரே பெரியவர், நடத்துகிறவர் வழிப்போக்கர்! ஒருவர் தோற்கும்போது சிரிப்பு மூட்டுவதே சாமர்த்தியம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சகோதரிகளே, இன்று இரவு சாப்பாடானதும் உங்கள் மாமியாரிடம் ஓர் எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை பாட்டுக்கள் வெளியே வருகின்றன என்று தெரியும். 'ங' மட்டும் கொடுத்துவிடாதீர்கள்!