வீடு எழும்புமுன் எழுத வேண்டியவை

காணி வாங்குவதென்றால் நாம் எவரும் நொத்தாரிசு இல்லாமல் உறுதி முடிப்பதில்லை. முடிக்கவும் இயலாது, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு இடமளிக்கவில்லை. ஆனால், அதே காணியில் அதன் விலையிலும் கூடிய பணத்தைச் செலவிட்டு வீடு எழுப்பும்போது, பலருக்கு மேசனாரின் வாய்ச்சொல்லே ஒப்பந்தமாகிவிடுகின்றது. "நல்ல சாமானாகப் போட்டுத் தருவேன்" என்பார் அவர். நல்ல சாமான் எது என்ற கேள்வி, கைப்பணம் கரைந்த பின்னரே எழும்.

இத்தகைய தகராறு எழுமுன்னரே அதனைத் தடுக்க முயலும் சட்டமொன்று ஜேர்மனியில் உண்டு. நம்மவர் பலர் குடியேறி வாழும் நாடாகையால் அதனை அறிந்திருத்தல் நன்று. 2018 ஜனவரி 1ஆந் திகதி முதல், அந்நாட்டுக் குடியியற் சட்டக்கோவையில் வீட்டுக்காரருக்கெனத் தனி விதிகள் வழங்கி வருகின்றன. குடும்பமொன்று முழு வீட்டையும் ஓர் ஒப்பந்தகாரரிடம் ஒப்படைக்குமாயின், உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். மின்னஞ்சலாயினும் போதும்.

அதற்கு முன்னரே, நிதானமாகப் படித்துப் பார்க்கக்கூடிய காலம் இருக்கையில், கட்டட விவரணம் ஒன்றை ஒப்பந்தகாரர் கையளிக்க வேண்டும். வரைபடங்கள், அறைகளின் பரப்பளவு, வெப்பம், தீ, ஓசை ஆகியவற்றுக்கான காப்பு, உட்பூச்சு, குளியலறைச் சாதனங்கள், மின்னிணைப்பு, வெளிவளவு வேலைகள் என்பன அதில் அடங்கும். வேலை முடியும் நாளும் குறிக்கப்படல் வேண்டும். தொடங்கும் நாள் நிச்சயமில்லையாயின், எத்தனை காலத்தில் முடியும் என்பதையாவது கூறவேண்டும். வேறுவிதமாக வெளிப்படையாக உடன்பட்டாலன்றி, இவ்விவரணம் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். வீட்டுக்காரரே தமது கட்டடக்கலைஞரைக் கொண்டு திட்டம் வரைவித்தால் மட்டும் இக்கடமை ஒப்பந்தகாரருக்கு இல்லை.

எழுதாமல் விட்டதற்கு என்ன செய்வது? நாம் மிகவும் மெச்சுவது இவ்விடத்தைத்தான். வீடு முழுவதற்கும் உயர்ந்த தரம் கூறி, குளியலறைத் தளத்தை மட்டும் குறிப்பிடாது விட்டிருந்தால், ஏனைய பகுதிகளின் தரத்தைக் கொண்டே அவ்விடைவெளி நிரப்பப்படும். சொற்களின் பொருளில் ஐயம் எழுந்தால், அது ஒப்பந்தகாரருக்குப் பாதகமாகவே தீர்க்கப்படும். மழுப்பலாக எழுதியவரே அதன் நட்டத்தையும் ஏற்கட்டும் என்பது நியாயந்தானே!

பணத்திலும் காவல் உண்டு. தவணைப் பணம் எல்லாம் சேர்ந்து மொத்தக் கூலியில் நூற்றுக்கு 90ஐத் தாண்டலாகாது. முதற் தவணையின்போதே நூற்றுக்கு 5 வீதம் பிணையாகக் கிடைக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாத ஒப்பந்தமாயின், 14 நாட்களுள் கைவிடவும் உரிமையுண்டு. இவ்வுரிமையை ஒப்பந்தகாரர் முறைப்படி அறிவிக்காதிருந்தால், அது 12 மாதமும் 14 நாளும் வரை நீடிக்கும்.

எனினும், செலவைச் சுருக்க எண்ணி மேசனை ஒருவராகவும், தச்சரை வேறொருவராகவும், குழாய் வேலையை இன்னொருவரிடமும் பிரித்துக் கொடுப்போர் அங்கும் உளர். இவ்வாறு தனித்தனியே அமர்த்துவோரின் ஒப்பந்தங்களுக்கு இவ்விதிகள் பொருந்தா என ஜேர்மனிய உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. அத்தகையோர் ஒவ்வொரு தொழிலாளரிடமும் விவரத்தைத் தாமே கேட்டு எழுதி வாங்க வேண்டியதுதான்.