சிப்பிப்பாறைக் குட்டி வாங்கும் முன்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட மக்களுக்கு, இப்பகுதியில் நாட்டு நாய் வளர்ப்போர் சேர்ந்து வைக்கும் வேண்டுகோள்.

2020 ஆகஸ்டில் பிரதமர் 'மனதின் குரல்' வானொலி உரையில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாய்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். குட்டிகளுக்குக் கிராக்கி கூடியது. சந்தோஷந்தான். ஆனால் வாங்கிய வேகத்திலேயே கைவிடுவதும் நடக்கிறது. கழுத்துப் பட்டையோடு கொள்ளிடக் கரையில் திரியும் சிப்பிப்பாறைகளைப் பார்க்கிறோம். ஒல்லி அதன் இயல்புதான். இது அந்த ஒல்லி இல்லை, பட்டினி.

சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டு நாய். வெட்டவெளியில் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டது. நீண்ட முகம், இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு, சாட்டை வால் எல்லாமே ஓட்டத்துக்கானவை. ஓட ஆரம்பித்துவிட்டால் எஜமான் கூப்பிடுவது காதில் ஏறாது.

நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை அடைமழை அதற்குப் பழக்கமில்லை. முடி குட்டை, தோலுக்கடியில் கொழுப்பும் கிடையாது. சிமெண்டுத் தரையில் கட்டிப்போட்டால் முழங்கையில் முதலில் முடி உதிரும், பிறகு தோல் தடிக்கும், கடைசியில் புண்ணாகும். சாக்கில் வைக்கோலைத் திணித்துப் போட்டால் போதும். வைக்கோலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இதைக்கூடச் செய்யாமல் விடுவதை என்ன சொல்ல?

சம்பா அறுப்பு முடிந்தால் வயல் காலி என்று அவிழ்த்துவிடுகிறார்கள். அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்து தாளுக்கிடையில் முளைத்து நிற்கும். மிதிபட்டால் பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வருவது நியாயம். உளுந்து எடுத்தபின், மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை, வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு விடலாம். மற்ற மாதங்களில் ஊர்த் திடலும் நீளக் கயிறுமே கதி. காலை மாலை அதற்கு ஆளில்லாத வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம்.

முயல் வேட்டைக்குக் கூட்டிப்போக வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; உடும்புக்கும் அதே கதைதான். கோடியக்கரைப் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெளிமானைக் கண்ட சிப்பிப்பாறை நிற்காது. வேலி அடைத்த இடத்தில் மட்டும் விடுங்கள்.

இராஜபாளையம் தேடுவோருக்கு ஒன்று. பால் வெள்ளை நிறத்துக்காகவே இணைசேர்த்து வந்ததில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. கூடப்பிறந்த குட்டிகளோடு இருக்கையில் கண்டுபிடிக்க முடியாது. மற்றவை திரும்பினால் அதுவும் திரும்பும். தனியாக விட்டு, பின்னால் தள்ளி நின்று கைதட்டிப் பாருங்கள்.

மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். அதன்பின் மருத்துவர் சொல்லும் தவணையைத் தவறவிடாதீர்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ வேறு மருத்துவமனைக்கோ அறுவைக்குக் கொண்டுபோனால், இது ஓட்ட நாய் என்று முதலிலேயே சொல்லுங்கள். இவ்வகை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய வெகுநேரம் பிடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு வளர்க்க முடியவில்லையா? கரையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் ஊர்ப்பக்கம் நாட்டு நாய் வளர்ப்பவர் எவரிடமாவது தடுப்பூசி அட்டையோடு கொடுங்கள். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டோம். வேறு வீடு பார்த்துத் தருவது எங்கள் பொறுப்பு.