நாற்பதுக்கு மேல் ஊர் மாறலாமா?

பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் இருபது வயதுக்காரர்கள். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருகிறார்கள், அல்லது மறைமலை நகர், மஹிந்திரா சிட்டி கம்பெனிகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். அந்த வயதில் ஊரைவிட்டுக் கிளம்புவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. "புள்ள பொழைச்சுக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் எங்களிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் இப்போது நாற்பதைத் தொட்டவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். "பெங்களூருல மச்சான் கூப்பிடுறான், குடும்பத்தோட போயிடலாமா?" "ஊர்ல இருக்கிற இடத்தை வித்துட்டுக் கூடுவாஞ்சேரி பக்கம் வந்துடலாமா?" இப்படித்தான் கேள்வி வருகிறது.

இந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்பதற்கு நம் பகுதியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். 2022இல் உற்பத்தி நின்றது. பத்து, இருபது வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள் பாதி வயதில் புதிதாக வேலை தேட வேண்டிய நிலை வந்தது. அந்தத் தொழிற்சாலையை நம்பியிருந்த சிறு கம்பெனிகள், கேன்டீன்கள், வண்டி ஓட்டியவர்கள் கதையும் அதுதான். கிராமத்துப் பக்கம் காரணங்கள் வேறு: விவசாயக் கூலி வேலை குறைந்துவிட்டது, பிள்ளைகளின் படிப்பு, சில இடங்களில் ஊர்க்காரர்களோடு நிற்காத தகராறு.

தோழர்களே, இந்தக் கேள்விக்கு நம் இயக்கங்களில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "அம்பேத்கரே கிராமத்தைவிட்டு வெளியேறச் சொன்னார், கிளம்புங்கள்." இன்னொன்று, "எல்லோரும் போய்விட்டால் சேரியில் யார் போராடுவது? ஓடிப்போகாதீர்கள்." இரண்டையும் மேடையில் சொல்வது எளிது. இரண்டு பிள்ளைகளும் வயதான அம்மாவும் அரை ஏக்கர் நிலமும் உள்ள ஒருவருக்கு இரண்டாலும் பயன் இல்லை.

முதலில் அம்பேத்கர் சொன்னதைச் சரியாகப் பார்ப்போம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமத்தைக் கடுமையாக விமர்சித்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, 1942இல் நாக்பூரில் நடந்த அகில இந்திய ஒடுக்கப்பட்டோர் மாநாடு, தீண்டப்படாதவர்களுக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் அவர் அதையே விரிவாக எழுதினார். அரசு நிலத்தைக் கொடுக்க வேண்டும், அதற்கென்று ஓர் ஆணையம் வேண்டும் என்று கேட்டார். அதாவது, ஒவ்வொருவரும் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு தனித்தனியாகப் போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. நிலத்தோடும் அரசின் பொறுப்போடும் கூட்டமாக வெளியேறுவதைத்தான் கோரிக்கையாக வைத்தார். "கிளம்பு" என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். மற்றதை விட்டுவிட்டோம்.

தனியாகப் போனால் என்ன ஆகும் என்பது அவருக்கே தெரியும். 1917இல் வெளிநாட்டிலிருந்து திரும்பி பரோடா அரசு வேலைக்குப் போனபோது அவருக்கு 26 வயது. தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் பார்சி பெயரில் தங்கினார். சில நாட்களில் தடிகளோடு வந்த பார்சிகள் அவரை வெளியேற்றினார்கள். இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டும் கிடைக்கவில்லை. பம்பாய்க்கே திரும்பினார். வேலை இருந்தது, பட்டம் இருந்தது, வீடு மட்டும் இல்லை.

நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று கூடுவாஞ்சேரியிலோ பெங்களூருவிலோ வாடகை வீடு தேடும்போது தடியோடு யாரும் வருவதில்லை. "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்று கேட்கிறார்கள். மறுநாள் "வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்" என்று போன் வருகிறது. சுகதேவ் தோரட்டும் அவரது குழுவினரும் டெல்லி சுற்றுவட்டார நகரங்களில் இதைச் சோதித்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். மேல்சாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் என்று வெவ்வேறு பெயர்களில் வீடு கேட்டுப் பார்த்த ஆய்வு அது. தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு மறுக்கப்பட்டது, அல்லது கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துச் சென்னை உட்பட ஏழு பெருநகரங்களை ஆராய்ந்த இன்னொரு ஆய்வு, மக்கள் பொருளாதார நிலையைவிடச் சாதியால்தான் அதிகம் பிரிந்து வாழ்கிறார்கள் என்று காட்டியது. நகரத்தில் சாதி கரைந்துவிடும் என்று நாற்பது வயதுக்காரர் ஒருவரிடம் நாம் சொன்னால், அது அவருக்குச் செய்யும் துரோகம்.

அதற்காகப் போகவே கூடாதா? அதுவும் இல்லை. நம் செங்கல்பட்டுச் சீமையிலேயே, மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்தபோது, பழகினால் ஊரையும் சாதியையும் கேட்டுவிடுவார்களே என்று பயந்து, சக மாணவர்களிடமிருந்து விலகியே இருந்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். "எந்த ஊரு?" என்ற கேள்வி அப்போதும் இதே வேலையைத்தான் செய்தது. அவர் நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்தார். 1890இல் சென்னைக்கு வந்தார். நாற்பது வயதை ஒட்டிக் கடல் கடந்தார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1921இல் திரும்பியபோது அறுபது வயது. பொதுச்சாலையும் கிணறும் எல்லோருக்கும் பொது என்று சென்னை சட்டமன்றத்தில் 1924இல் தீர்மானம் கொண்டுவந்ததும், 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்ததும் அதற்குப் பிறகுதான். ஊர் மாறியதால் அவர் சமூகத்தைக் கைவிட்டுவிட்டார் என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆனால் அவர் சென்னைக்கு வந்த மறுவருடமே, 1891இல், பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் 'பறையன்' பத்திரிகை. பயந்து ஒதுங்கியிருந்த மாணவர், நகரத்துக்கு வந்ததும் தன் சாதிப் பெயரையே பத்திரிகைக்கு வைத்தார். சுற்றிலும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டதால்தான் அந்தத் தைரியம் நிலைத்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

இனி, நாற்பது வயதில் போகிறவருக்கும் இருபது வயதில் போகிறவருக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பார்ப்போம். இருபது வயதில் இழப்பதற்கு அதிகம் இல்லை. நாற்பதில் மூன்று விஷயங்கள் கையில் இருக்கின்றன. மூன்றும் அவசரத்தில் கைவிட்டுப் போகக்கூடியவை.

ஒன்று, நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்ததுதான் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை. பத்து வருடத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் நிலம் கைமாறியது. கடன், மிரட்டல், ஏமாற்று, இவற்றோடு ஆள் ஊரில் இல்லாததும் ஒரு காரணம். அதை மீட்கப் போன காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம். இன்று ஜி.எஸ்.டி. சாலையிலும் மாமல்லபுரம் கடற்கரைச் சாலையிலும் நில விலை எங்கேயோ போய்விட்டது. "வித்துட்டு வந்துடலாமா?" என்று நம்மவர் கேட்கும்போது, வாங்குவதற்குப் புரோக்கர் தயாராக நிற்கிறார். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதனால் கிளம்புவதற்கு முன்பு வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். கிராம 'அ' பதிவேட்டில் நிலம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். விற்காமல் போக வழி தேட வேண்டும்.

இரண்டு, சாதிச் சான்றிதழ். அரசியலமைப்பின் 341ஆவது பிரிவுப்படி பட்டியல் சாதி என்பது அந்தந்த மாநிலத்துக்கு உரியது. வேலைக்காக வேறு மாநிலம் போனவர் அங்கே மாநில அரசின் இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே சாதிப் பெயர் அந்த மாநிலப் பட்டியலில் இருந்தாலும் இதுதான் நிலை. 2018இல் பீர் சிங் வழக்கிலும் அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. மத்திய அரசு வேலைக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் தமிழ்நாட்டுச் சான்றிதழ் செல்லும். ஆனால் கர்நாடக அரசுக் கல்லூரி இடத்துக்கு அந்த ஒதுக்கீடு கிடைக்காது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. வேறு மாநிலத்திலிருந்து வந்தவருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

மூன்று, பிள்ளைகள் படிக்கும் பள்ளி. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேண்டுமென்றால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 'புதுமைப் பெண்' திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்த கணக்குத்தான். மகள் எட்டாவது படிக்கும்போது பெங்களூருவுக்குப் போனால் இரண்டும் போய்விடும். இரண்டு சம்பளம் அதிகம் வருகிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாற்பது வயதில் ஊர் மாறுவது பெரும்பாலும் பிள்ளைகளுக்காக என்பதால், இந்த இழப்பு அவர்களுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்குச் சென்னையின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை அரசு மாற்றியது. அவர்கள் கேட்டுப் போனவர்கள் அல்ல. அவர்களுக்கு வீடு கிடைத்தது. ஆனால் வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலை தூரமானது, பள்ளி தூரமானது, அவசரத்துக்குக் கைமாற்றாக நூறு ரூபாய் தரும் பக்கத்து வீடு இல்லாமல் போனது. நடுவயதுப் பெண்கள்தான் இதில் அதிகம் நொந்தார்கள். ஊர் மாறுகிறவர் இழப்பது வீட்டை மட்டும் இல்லை, தெரிந்த மனிதர்களையும்தான் என்பதை அங்கே பார்க்கிறோம்.

ஆதிக்கச் சாதியினர் ஊர் மாறும்போது இந்தக் கஷ்டம் இல்லை. புது ஊரில் சங்கம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, விடுதி இருக்கிறது, "நம்ம பையன்தான், வீடு கொடுங்க" என்று போன் போட ஓர் ஆள் இருக்கிறார். அவர்களுக்கு அது சாதியின் பலன். நமக்கு அந்த இடத்தில் இயக்கம் நிற்க வேண்டும். பொத்தேரியிலும் காட்டாங்கொளத்தூரிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்களே, பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் வேலையில் இருக்கும் தோழர்களே, இது உங்களுக்கான வேலை.

நம்மவருக்கு வீடு தரும் உரிமையாளர்களின் பட்டியலை ஒவ்வொரு ஊரிலும் வைத்திருங்கள். வீடு பார்க்கப் போகிறவரைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். "கொடுத்துட்டோம்" என்று சொன்ன வீட்டுக்கு அரை மணி நேரம் கழித்து வேறு பெயரில் ஒரு போன் போட்டுப் பாருங்கள், பதிலைக் குறித்து வையுங்கள். 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவில், ஓர் ஊரில் குடியிருக்கும் உரிமையைத் தீண்டாமையின் பேரில் தடுப்பதும் குற்றம் என்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அது தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்பதை எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. டீக்கடைக்கும் கோயிலுக்கும் பயன்படுத்திய இந்தச் சட்டத்தை வாடகை வீட்டுக்கும் பயன்படுத்திப் பார்க்க வேண்டிய நேரம் இது.

ஊரில் இருக்கிற தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. போனவரின் நிலத்தை வருடம் ஒருமுறை போய்ப் பாருங்கள். கிராம சபையில் அவர் பெயரைச் சொல்லுங்கள். ஊரில் தங்கிவிட்ட அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை வருகிறதா என்று விசாரியுங்கள். அப்போதுதான் போகிறவர் "ஓடிப்போனவர்" ஆகமாட்டார்.

எனவே கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில் இது: போகலாம், நாற்பதிலும் போகலாம், ஐம்பதிலும் போகலாம். நிலத்தை விற்காமல் போங்கள். சான்றிதழையும் பிள்ளைகளின் படிப்பையும் கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள். போகும் ஊரில் நம் ஆள் ஒருவரையாவது தெரிந்துகொண்ட பிறகு போங்கள். அந்த ஊரில் யாரும் இல்லையென்றால் இரண்டு மாதம் பொறுங்கள். அதற்குள் ஓர் ஆளைத் தேடிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு, இதைப் படிக்கும் உங்கள் பொறுப்பும்தான்.

ஜெய் பீம்!