வெறுங்கையோடு போனவர் கணக்கு

கல்லூரியில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் மதியம் நூலகர் என்னைத் தேடி வந்தார். கையில் நீளமான வருகைப் பதிவேடு. "ஐயா, ஜூன் மாசத்துலேர்ந்து கொஞ்சம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. அடுத்த வாரம் நாக் வருது." அவர்மீது எனக்குக் கோபமில்லை, மேலிடத்து உத்தரவு. வாரத்துக்கு இரண்டு என்று போட்டுக்கொண்டே போனேன். நடுநடுவே பேனாவை மாற்றச் சொன்னார். நீலம், கறுப்பு, மறுபடி நீலம். நூலகப் பக்கமே எட்டிப்பார்க்காத அந்த மூன்று மாதமும் நான் தீவிர வாசகனாகிவிட்டேன்.

கல்லூரிகளுக்குத் தரம் போடும் அந்த நாக் குழு நூலகத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் தவறானவை அல்ல. புத்தகத்துக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள், கணினிமயமாக்கிவிட்டீர்களா, நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை பேர் வருகிறார்கள். ஆனால் வந்தவருக்கு என்ன ஆயிற்று என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. மின்விசிறிக்குக் கீழே தூங்க வந்தவரும் அதில் ஒரு வரி. தேடிவந்த புத்தகம் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் திரும்பியவரும் ஒரு வரி.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ஆளரவமற்ற அந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், பழையபடி மாநிலக் கல்லூரிக்கே போய்விடுகிறேன் என்றவர். பயிற்சிக்காக லண்டன் போய்வந்த பிறகுதான் மனம் மாறினார். 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளை நூலக அறிவியல் மாணவர் எவரைக் கேட்டாலும் ஒப்பிப்பார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஒரு புத்தகம் கேட்டால் கைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்த கல்லூரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

அளக்க வழி இல்லாமலில்லை. சென்னை ஐஐடியில் படித்த ஏ. பரசுராமன், அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்களோடு சேர்ந்து 1980-களில் சேவைத் தரத்தை அளக்க ஒரு கருவி செய்தார். வங்கி, பழுதுபார்க்கும் கடை போன்ற இடங்களுக்காகச் செய்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் அமெரிக்க ஆய்வு நூலகங்களின் சங்கமும் அதை நூலகத்துக்கு ஏற்ப மாற்றி, 2000-ல் 'லிப்குவால்' என்ற பெயரில் கொண்டுவந்தன. அடிப்படைக் கேள்விகள் 22. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் மூன்று எண் தர வேண்டும்: குறைந்தது இவ்வளவாவது வேண்டும், இவ்வளவு இருந்தால் நல்லது, இப்போது கிடைப்பது இவ்வளவு. அமைதியாகப் படிக்க இடம் உண்டா என்பதற்கு ஒருவர் ஏழு போடுகிறார் என்று வையுங்கள். நல்ல மதிப்பெண்தான். ஆனால் குறைந்தது எட்டு வேண்டும் என்றும் அவரே எழுதியிருந்தால், அந்த ஏழு தோல்வி.

நம் கருத்துப் படிவத்தில் 'மிக நன்று, நன்று, சுமார்' என்று மூன்று கட்டம். துறைத் தலைவர் பக்கத்தில் நிற்க, வகுப்பிலேயே டிக் அடித்து வாங்கிக்கொள்வார்கள். இதில் சுமார் என்று போடும் பிள்ளைக்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

லிப்குவாலிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நல்ல நூலகத்தைக் கண்ணாலேயே பார்த்திராத மாணவி குறைந்தபட்சம் என்று எதைக் கேட்பாள்? இரண்டோ மூன்றோ போடுவாள். கிடைப்பது நாலு என்றால் நாம் தேறிவிடுவோம்.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகம் கேள்வி கேட்பதோடு நிற்கவில்லை. நான்சி ஃபிரைட் ஃபாஸ்டர் என்ற மானுடவியலாளரை நூலகத்தில் வேலைக்கு வைத்துக்கொண்டது. அவரும் நூலகத்தாரும் மாணவர் கையில் கேமராவைக் கொடுத்துப் படமெடுத்துவரச் சொன்னார்கள். ஒரு நாள் முழுக்க எங்கெங்கே போனார்கள் என்று வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். அந்த ஆய்வு 2007-ல் நூலாக வந்தது. அதில் தெரியவந்தது இது: மாணவர்கள் கட்டுரை எழுத உட்காருவது, உதவி செய்யும் நூலகர்கள் வீட்டுக்குப் போன பிறகு, இரவில். அதனால் நூலகர்களை இரவில் உட்காரவைத்தும் பார்த்தார்கள். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் வகுப்பு முடிவது நாலு மணி, நாலரைக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பும், நூலகத்துக்கும் அதே நாலரைக்குப் பூட்டு. பிள்ளை எப்போது போகும்? ஹால் டிக்கெட்டுக்கு 'நோ டியூஸ்' கையெழுத்து வாங்கப் போகும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் நூலகர், ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கவுன்டரில் ஒரு நோட்டு வைத்தார். கேட்டுக் கிடைக்காத புத்தகங்களை மட்டும் எழுத. ஒரு செமஸ்டர் கழித்துப் புரட்டினால், அதில் பாதிக்கு மேல் அவரிடமே இருந்த புத்தகங்கள். சில துறை பீரோவுக்குள், சாவி விடுப்பில் போனவரிடம். சில பதிவெண் போடக் காத்துப் பின்னறையில் கட்டோடு. மீதி அடுக்கு மாறிக் கிடந்தவை. புதிதாக ஒரு ரூபாய்க்குக்கூடப் புத்தகம் வாங்காமல் இரண்டு மாதத்தில் அதைச் சரிசெய்தார். எந்தக் குழுவும் அந்த நோட்டைக் கேட்டதில்லை; அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும் கல்லூரி நூலகர்களே, நாளைக் காலையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வையுங்கள். பேனாவைக் கயிற்றில் கட்டிவிடுங்கள், காணாமல் போகும்.