எண் தெரியாவிட்டால் எதிர்காலம் இல்லையா?

(பத்தாம் வகுப்பு மாணவி, மூலக்குளம்)

நோவாவுக்கு இறைவன் காட்டிய வானவில்லை மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறோம். அதன் வண்ணங்கள் எல்லாக் கண்களுக்கும் ஒன்றுபோலவே தெரியும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவன் என் தம்பி.

மூன்றாம் வகுப்பில் அவன் மாமரத்தின் இலைகளுக்குப் பழுப்பு வண்ணம் தீட்டினான். ‘கவனக்குறைவு’ என்று நோட்டில் எழுதி அனுப்பினார்கள். வீட்டில் நாங்களும் சிரித்தோம். பிறகு ஒருநாள், இந்திரா காந்தி சிலை அருகே போக்குவரத்துக் காவலரைக் கண்டு, “அக்கா, போலீஸ்காரர் தொப்பி ஏன் கறுப்பா இருக்கு?” என்று கேட்டான். புதுச்சேரிக் காவலரின் சிவப்புத் தொப்பியை அறியாதவர் உண்டா? அன்றுதான் அம்மா திடுக்கிட்டார். கண் மருத்துவர் புள்ளிகள் நிறைந்த புத்தகம் ஒன்றைக் காட்டினார். எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்த எண்கள் தம்பிக்குத் தெரியவில்லை. அவன் சோம்பேறி அல்லன். அவன் கண்கள் காட்டியதையே அவன் தீட்டியிருக்கிறான்!

இது பையன்களின் குறை, பெண்கள் பள்ளியில் இதைப் பற்றி என்ன பேச்சு என்று தோழியர் கேட்கலாம். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய உதவும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே; அதில் பழுது இருந்தால் ஈடு செய்ய வேறில்லை. பெண்களுக்கு இரண்டு இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறோம். ஆனால் நாம் அறியாமலே அதைச் சுமந்து நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடும். ஐரோப்பிய வழியினரில் 12 ஆண்களுக்கு ஒருவருக்கும், 200 பெண்களுக்கு ஒருவருக்கும் இக்குறை உண்டு. நம் நாட்டில் இது சற்றுக் குறைவு. ஆகவே இது தாய்மார்களும், நாளைய தாய்மார்களாகிய நாமும் அறிய வேண்டிய செய்தியே ஆகும்.

1875-இல் சுவீடன் நாட்டில் இரு ரயில்கள் மோதின. சைகை விளக்கின் நிறம் தெரியாததே காரணமாக இருக்கலாம் என்று கருதிய ஹோம்கிரென் என்ற அறிஞர், வண்ணக் கம்பளி நூல்களைப் பிரிக்கச் சொல்லி ரயில் ஊழியர்களைச் சோதித்தார். 1917-இல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா புள்ளிப் புத்தகத்தை வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் பயன்படுவது அதுவே. ஆயினும் நாளடைவில் அதன் வண்ணம் மங்கும். அறையின் வெளிச்சம் மாறினால் விடையும் மாறும். எண்களை மனப்பாடம் செய்தும் ஒப்பிக்கலாம்.

இப்போது மெய்நிகர் காட்சிக் கருவியைக் கொண்டு நிறப்பார்வையைச் சோதிக்கும் முறைகளை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர். கண்களை மூடும் கவசம்போல் அதை அணிந்தால் வெளி வெளிச்சம் தடைபடும். கேள்விகளை ஒவ்வொருவருக்கும் மாற்றிக் கேட்கலாம். இவற்றையெல்லாம்விடப் பெரிய நன்மை ஒன்றை நான் காண்கிறேன். மழை இரவில் சாலை விளக்கையும், மின்பெட்டிக்குள் இருக்கும் பல வண்ணக் கம்பிகளையும் அதற்குள் அப்படியே காட்டலாம். ‘இந்த எண் தெரிகிறதா?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘இந்த வேலையைச் செய்ய முடிகிறதா?’ என்றும் கேட்கலாம் அல்லவா?

இக்கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் பணிக்கு வந்த ஒருவருக்கு நிறப்பார்வைக் குறையால் வேலை மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023 அக்டோபரில் அவரைப் பணியில் அமர்த்துமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. 2020-இல் மத்திய அரசும் விதியைத் திருத்தி, லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்கள் ஓட்டுநர் உரிமம் பெற வழி செய்தது. குறை ‘உண்டு’, ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும் சோதனை இனிப் போதாது. எவ்வளவு, எதற்கு என்று அளக்கும் சோதனை வேண்டும்.

பிறர் உயிரைப் பணயம் வைக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். கடுமையான குறை உள்ளவர் ரயில் ஓட்டக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கருவியின் திரையும் சரியாக அளவிடப்படாவிட்டால் தவறான வண்ணத்தையே காட்டும். எனவே முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவரே. கருவி அவர் கைக்கு உதவி மட்டுமே.

அக்கருவி நம் பள்ளிகளுக்கு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. புள்ளிப் புத்தகம் இன்றே கிடைக்கிறது. குழந்தை முதல் வகுப்பில் சேரும்போதே ஒருமுறை சோதித்தால், வீண் திட்டுகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் தப்புவர். பத்தாம் வகுப்பு முடித்துப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதும் அவர்கள் ஏமாற மாட்டார்கள்.

என் தம்பியின் வண்ணக் குச்சிகளில் இப்போது நானே நிறங்களின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன். அவன் மாமரம் பச்சையாகிவிட்டது. பெற்றோரே, அருட்சகோதரிகளே, அன்புத் தோழியரே! தவறான வண்ணம் தீட்டும் குழந்தையைக் கண்டால், கண்டிப்பதற்கு முன் அதன் கண்களைச் சோதிப்போம். சோதனை என்பது கதவை மூடுவதற்கன்று, வழியைக் காட்டுவதற்கே என்பதை உணர்வோமாக!